தெளிவும் சாட்சியமும்: பழைய படங்களை மாற்றுவது குறித்து

இன்று நமது ஊர்ப் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்டு நிறைவு விழா என்றால் ஒரு ஸ்லைட் ஷோ இடம்பெறுவது வழமையாகிவிட்டது. ஆரம்பகால ஓலைக் கொட்டகை, முதல் அதிபர், காணி வழங்கிய ஹாஜியார், முதன்முதலாகச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய வகுப்பு என ஐம்பது அறுபது படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். இவற்றுட் பல பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அன்று கைக்கெட்டிய சிறிய படங்களைக் கொண்டு ஆர்வமுள்ள இளைஞர்கள் கோத்து வைத்தவை. அன்றைய கணினித் திரைக்கு அவை போதுமாயிருந்தன. இன்று மண்டபச் சுவரளவு விரிந்த திரையில் போடும்போது முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றன. எனவே விழாக் குழுவிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது: வரிசையும் வாசகங்களும் அப்படியே இருக்கட்டும், படங்களை மட்டும் தெளிவானவையாக மாற்றிவிடுங்கள்.

மாத்தளை மாவட்டத்தின் கிராமப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவன் என்ற வகையில் இக்கோரிக்கையை நானும் கேட்டிருக்கிறேன். தொழில்நுட்ப ரீதியில் இது எளிய காரியம். பவர்பொயின்ட்டில் 'படத்தை மாற்று' என்னும் கட்டளை உண்டு. பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை இட்டால் அளவும் இடமும் அசைவும் கெட்டுப்போகும். இக்கட்டளையைப் பயன்படுத்தினால் அவை பெரும்பாலும் பேணப்படும். கோப்பினைச் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கிவிடும் வழக்கமும் அம்மென்பொருளுக்கு உண்டு. அதனை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால், 'படங்களை மட்டும்' என்னும் அந்தச் சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. ஒரு படத்தின் கீழ் ஒரு பெயரையும் ஆண்டையும் எழுதிச் சபையின் முன் வைக்கும்போது நாம் சாட்சி சொல்கிறோம். பெயரை வைத்துக்கொண்டு படத்தை மாற்றுகையில் அதே சாட்சியத்தைப் புதிய ஆதாரத்தின் மீது தூக்கி வைக்கிறோம். அந்த ஆதாரம் எங்கிருந்து வந்தது, அதனை ஏற்க நமக்கு உரிமை உண்டா என்பது மார்க்கமும் ஒழுக்கமும் சம்பந்தப்பட்ட வினாவாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 640க்கு 480 என்ற அளவிலான பழைய படமொன்றில் 307,200 பிக்ஸல்கள் மாத்திரமே உள்ளன. 1920க்கு 1080 என்ற இன்றைய திரைக்கு 2,073,600 பிக்ஸல்கள் வேண்டும். அதாவது, இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஏழு புள்ளிகளின் வேலையைச் செய்ய வேண்டும். ஒரு வரிசைக்குப் பதினைந்து பேர் நிற்கும் வகுப்புப் படம் என்றால், பழைய கோப்பில் ஒருவருக்கு 42 பிக்ஸல் அகலம்தான் கிடைக்கும். முகத்துக்கு அதில் பாதிகூடத் தேறாது. அதே படத்தின் 6க்கு 4 அங்குலப் பிரதி எவருடைய அல்பத்திலாவது இருந்து, அதனை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் அகலம் 3600 பிக்ஸல்கள் ஆகும். இப்போது ஒருவருக்கு 240 கிடைக்கிறது. முகம் முகமாகத் தெரிகிறது.

ஆக, மங்கல் படத்தைத் தெளிவாக்க மூன்று வழிகள் நம் முன் உள்ளன. ஒன்று, மூலத்தைத் தேடிச் சென்று மீண்டும் பிரதி எடுப்பது. இரண்டு, இருக்கும் சிறிய படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது. இதனால் எதுவும் கூடுவதில்லை, குறைவதுமில்லை. மூன்று, செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்து இல்லாத நுணுக்கங்களை நிரப்பச் செய்வது. திரையில் பார்ப்பவருக்கு முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டுமே பளிச்சென்றிருக்கும். ஆனால் அவற்றுக்கிடையே உள்ள தூரம், ஸஹீஹான ஹதீஸுக்கும் இட்டுக்கட்டப்பட்டதற்கும் இடையேயுள்ள தூரமாகும்.

இவ்வொப்புமையை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பிரதிக்கும் மூலத்துக்கும் உள்ள உறவை நமது உம்மத்தைப் போல் நுணுகி ஆராய்ந்த சமூகங்கள் அதிகமில்லை. ஒரு செய்தி எத்தனை பேரின் வாய் வழியாக நம்மை வந்தடைந்தது என்பதை முஹத்திஸ்கள் எண்ணினார்கள். இடையில் உள்ளோர் குறையக் குறைய அந்த இஸ்னாதை 'ஆலீ' என உயர்வாக மதித்தார்கள். இடையில் உள்ளோர் கூடினால் அதனை 'நாஸில்' என்றார்கள். ஒரேயொரு ஹதீஸை நேரடியாகக் கேட்டறிவதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பிரயாணம் செய்து ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்ற செய்தி நாம் அறிந்ததே. அச்செய்தி ஏற்கனவே அவரது காதுக்கு எட்டியிருந்தது. இருந்தும் மூலத்தின் அருகே செல்ல விரும்பினார்.

நமது ஸ்லைட் ஷோவில் உள்ள ஒரு படத்துக்கும் இத்தகைய வரிசை உண்டு. ஸ்டூடியோக்காரரின் நெகட்டிவ், அதிலிருந்து அச்சிட்ட பிரதி, அந்தப் பிரதி ஒட்டப்பட்ட அல்பம், அல்பத்தின் பிளாஸ்டிக் தாளுக்கு மேலாகவே கைத்தொலைபேசியில் எடுத்த படம், அதனை வட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியது, அதனை இன்னொருவர் முகநூலில் இட்டது, அங்கிருந்து இறக்கிய சிறிய கோப்பு. இந்த ஏழு கட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஏதோவொன்று உதிர்கிறது. கைத்தொலைபேசி வெளிச்சத்தின் பிரதிபலிப்பைச் சேர்க்கிறது, வட்ஸ்அப் சுருக்குகிறது, முகநூல் மீண்டும் சுருக்குகிறது. தெளிவான படம் வேண்டுமென்றால் இவ்வரிசையில் ஒரு படி, இரண்டு படி பின்னோக்கி ஏறிச் செல்ல வேண்டும். அல்பம் உள்ள வீட்டின் கதவைத் தட்ட வேண்டும். பழைய விழா மலரொன்றில் அச்சான படம்கூட ஓர் எல்லை வரைதான் உதவும். அச்சகத்தில் படம் புள்ளிகளாக உடைக்கப்பட்டுவிடுவதால் எவ்வளவு பெரிதாக ஸ்கேன் செய்தாலும் பெரிதாகத் தெரிவது புள்ளியேயன்றி முகமன்று.

இவ்வுண்மையை நமது மாவட்டத்து மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது. சீகிரியாக் குன்றின் ஓவியங்களை 1889இல் அலிக் மறே என்ற பொதுவேலைப் பகுதி அதிகாரி குகைக்குள் ஏறிச் சென்று பிரதி செய்தார். சில ஆண்டுகளின் பின், 1896, 1897 காலப்பகுதியில், தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல்லின் உதவியாளரான டி. ஏ. எல். பெரேரா அவற்றை எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் பிரதி செய்தார். ஏற்கனவே ஒரு பிரதி இருந்ததே, அதனைப் பார்த்து இன்னும் அழகாக வரைந்திருக்கலாமே என ஒருவர் கேட்கலாம். ஆனால் பெரேராவும் சுவரின் முன்னால்தான் போய் நின்றார். பிரதியைத் திருத்துவதற்குப் பிரதி போதாது. 1967இல் விஷமிகள் அவ்வோவியங்கள் மீது பச்சைச் சாயம் பூசிச் சில இடங்களைக் கொத்தியும் போட்டபோது, மூலம் அழியக்கூடியது என்பதையும் நாடு கண்டது. இத்தாலியரான லூசியானோ மரான்சி வந்து அவற்றைச் சீர்செய்தார்.

மூலத்தைத் தேடிச் செல்வதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. அல்பத்திலிருந்து படமொன்றைக் கழற்றித் தருபவர் நம்மிடம் ஓர் அமானிதத்தை ஒப்படைக்கிறார். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் குர்ஆன் பிரதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டபோது ஹப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகள் வாங்கி வரப்பட்டன. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஏனையோரும் பிரதி செய்து முடித்ததும் அவை மீண்டும் ஹப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. உலக வரலாற்றின் மாபெரும் பிரதிப் பணி ஒன்றில் இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த செய்தியும் சேர்த்தே பதிவாகியிருக்கிறது. நமது விழாக் குழுக்கள் வாங்கிய எத்தனை படங்கள் உரிய வீடுகளுக்குத் திரும்பிச் சென்றன என்பதை அவரவர் ஊரில் விசாரித்துப் பார்க்கலாம்.

இனி மூன்றாவது வழிக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்ற மென்பொருள் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பராக் ஒபாமாவின் சிதைந்த சிறிய படமொன்றை அதற்குக் கொடுத்தபோது, அது மிகத் தெளிவான முகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. அது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! மென்பொருள் கெட்டுப்போனதால் அவ்வாறு நிகழவில்லை. சில பிக்ஸல்களுக்குள் மறைந்துபோன முகத்தை எவராலும் வெளியே எடுக்க முடியாது. அச்சில பிக்ஸல்களுக்குப் பொருந்தக்கூடிய ஏதேனுமொரு முகத்தை உருவாக்கவே முடியும். இன்றைய மென்பொருள்கள் அதைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டன. ஆனால் அடிப்படை மாறவில்லை. அவை தாம் ஏற்கனவே கண்ட கோடிக்கணக்கான முகங்களிலிருந்து ஊகிக்கின்றன. நமது ஊர் அதிபரின் கன்னத்துத் தழும்பு அவற்றுக்குத் தெரியாது.

புகைப்படம் ஆகுமா ஆகாதா என நமது உலமாக்கள் விவாதித்த காலம் ஒன்றிருந்தது. விவாதம் இன்னும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. அதனை ஆகுமாக்கியோருள் முக்கியமானவர் எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள். கெமராவால் எடுக்கப்படுவது படைப்பன்று, ஒளியினால் உண்டாகும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்பது அவரது வாதத்தின் சாரம். கண்ணாடியில் தோன்றும் பிம்பத்தை எவரும் சித்திரம் வரைதல் என்பதில்லை. அப்பிம்பம் கலையாமல் நின்றுவிட்டால் அதுவே புகைப்படம். இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டு சுவரில் படம் மாட்டியிருக்கும் நாம், அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயந்திரம் ஊகித்து நிரப்பிய கண்ணும் மூக்கும் எவருடைய நிழலும் அல்ல. அந்த முகத்தின் முன் ஒளி விழுந்த கணமென்று ஒன்று இருந்ததேயில்லை. எந்த நியாயத்தின் மீது புகைப்படத்தை ஏற்றுக்கொண்டோமோ அந்த நியாயமே இங்கு கழன்றுவிடுகிறது. அதன் கீழ் ஒரு மர்ஹூமின் பெயரை எழுதுவது, அவர் சொல்லாத சொல்லை அவர் பெயரில் அறிவிப்பதற்கு நிகரானது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அது இலேசில் ஒதுக்கிவிடக்கூடியதன்று. மூலத்தைத் தேடிப் போ என்பது மூலம் உள்ளவர்களுக்குச் சொல்லக்கூடிய புத்திமதி. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் எத்தனை குடும்பங்கள் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும்? யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது சில மணித்தியால அவகாசம் மாத்திரமே. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் வீட்டுக்குள் வந்தபோது அலுமாரிக்குள் இருந்த அல்பங்கள் என்னவாயின? வாப்பாவின் ஞாபகமாக அடையாள அட்டைப் படத்தின் மங்கிய போட்டோப் பிரதி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மகளிடம் போய் இஸ்னாதைப் பற்றிப் பேசுவதா? அவளுக்கு வேண்டியது வாப்பாவின் முகம். இயந்திரம் அதைத் தருமென்றால் அதனைத் தடுக்க நாம் யார்?

இக்கேள்வியின் முன் சட்டம் பேசுவது இரக்கமற்ற செயலாகும். ஆயினும் இரக்கத்தின் பெயராலேயே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் தருவது அவளது வாப்பாவின் முகந்தானா? முதல் தடவை பார்க்கும்போது அவளுக்கே ஏதோ உறுத்தும். பத்துத் தடவை பார்த்தபின் உறுத்தல் நீங்கிவிடும். அவளது ஞாபகத்தில் எஞ்சியிருந்த உண்மையான முகத்தின் மீது இந்தப் பளிச்சென்ற முகம் படிந்துவிடும். அவளுடைய பிள்ளைகளுக்கோ ஆரம்பத்திலிருந்தே இதுதான் மூத்தப்பாவின் முகம். மங்கல் படம் 'இவ்வளவுதான் எஞ்சியது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் மங்கலே ஒரு சரித்திரம். ஒரு சமூகம் எதையெல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி எது? தெளிவான பொய் முகம் இழந்ததை இழக்காததுபோல் காட்டிவிடுகிறது. முதல் இழப்பின் மேல் இரண்டாவது இழப்பு இது.

தன் வீட்டுக்குள், இது ஊகத்தில் வரைந்தது என்று அறிந்துகொண்டு ஒரு மகள் ஆறுதலுக்காக வைத்துக்கொள்வதைப் பற்றித் தீர்ப்புக் கூற எனக்கு உரிமையில்லை. பெயரும் ஆண்டும் இட்டுச் சபையில் காட்டுவது வேறு விடயம். அங்கே பார்ப்பவர்களுக்கு அது ஊகம் என்பது தெரியாது. முஹத்திஸ்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அறிவிப்பாளர் ஒருவரின் சொந்தச் சொற்கள் ஹதீஸின் மூலவாசகத்துக்குள் கலந்துவிட்டால் அதனை 'முத்ரஜ்' என்றார்கள். அதற்காக முழு ஹதீஸையும் அவர்கள் வீசியெறியவில்லை. கலந்த பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டறிந்து குறித்து வைத்தார்கள். வேறொரு துறையில், வேறொரு நூற்றாண்டில், உரோமாபுரியில் சுவரோவியங்களைச் சீர்செய்த சேஸரே பிராண்டியின் மரபினர் ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வந்தனர். அழிந்துபோன இடங்களை அவர்கள் மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பினர். தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும். அருகே சென்றால் எது பழையது, எது நிரப்பியது என்பது புலப்படும். நிரப்புவது குற்றமன்று, நிரப்பியதை மறைப்பதே குற்றம் என்பது இரு மரபுகளிலும் காணக்கிடைக்கும் நேர்மை.

சரி, மூலத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா? இல்லை. தெளிவான படம் புதிய செய்திகளையும் கொண்டு வருகிறது. பழைய கோப்பில் வாசிக்க முடியாதிருந்த பலகையில் இப்போது ஆண்டு தெரிகிறது; நமது வாசகத்தில் உள்ள ஆண்டு வேறு. இரண்டாம் வரிசையில் நிற்பவர் நாம் பெயரிட்டவர் அல்ல, அவரது தம்பி. பழைய படத்தில் வெட்டப்பட்டிருந்த ஓரத்தில், முழுப் படம் வந்ததும் ஒருவர் தென்படுகிறார். கதிரைகளில் அமர்ந்திருப்போருக்கு அப்பால், கைகட்டி நிற்கும் பாடசாலைச் சிற்றூழியர். அவரை யாரும் வேண்டுமென்று வெட்டியிருக்கமாட்டார்கள். படச்சட்டத்துக்குள் அடக்கும்போது முதலில் வெளியே போவது எப்போதும் ஓரத்தில் நிற்பவர்தான். 'வாசகங்கள் அப்படியே இருக்கட்டும்' என்ற கோரிக்கை இவ்விடத்தில் செல்லாது. ஆதாரம் மாறினால் சாட்சியத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஓரத்தில் நின்றவரின் பெயரையும் கேட்டறிந்து எழுத வேண்டும்.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. எழுபதுகளின் வகுப்புப் படங்களில் நமது மாணவியரும் ஆசிரியைகளும் அன்றைய வழக்கப்படி சேலை முந்தானையைத் தலையில் இட்டோ, சில வேளை அதுவும் நழுவியோ நிற்கிறார்கள். மங்கல் படத்தில் அவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. தெளிவான படத்தில் தெரியும். அவர்களுட் பலர் இன்று அபாயாவும் ஹிஜாபும் அணியும் மூத்தம்மாமார். இருபது பிக்ஸல் மங்கல் அவர்களுக்குத் தற்செயலாக ஒரு திரையாக இருந்திருக்கிறது. அத்திரையைச் சுவரளவு திரையில் விலக்குவதற்கு நமக்கு யார் அனுமதி தந்தது? பிறர் மறைவைத் துருவுவதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. எனவே, உயிரோடிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். விரும்பாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட வேண்டும், அல்லது பழைய மங்கலிலேயே இருக்க விட வேண்டும். ஆனால் மென்பொருளால் தலையில் ஒரு முக்காட்டை வரைந்து ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். அது அவர்களின் மானத்தைக் காப்பதாகத் தோன்றலாம். உண்மையில் நமது சமூகம் அன்று எப்படி இருந்தது என்பதைப் பற்றி அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் பொய் அது. மறைப்பதற்கு நமக்கு உரிமையுண்டு, சில வேளை கடமையும் உண்டு. புனைவதற்கு இல்லை.

இவ்வளவையும் யோசித்தால் ஒரு ஸ்லைட் ஷோவைக்கூடத் திருத்த முடியாது எனச் சிலர் சலித்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியவை உண்மையில் சிலவே. பழைய கோப்பை அழிக்காமல் ஆண்டு குறித்து வேறாகப் பேணுவது. புதிய படம் ஒவ்வொன்றும் யாருடைய வீட்டிலிருந்து, எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அந்த ஸ்லைட்டின் குறிப்புப் பகுதியில் ஒரு வரியில் எழுதி வைப்பது. ஊரின் முதியவர் இருவரையாவது அமர்த்திப் பெயர்களை மீண்டும் வாசித்துக் காட்டுவது. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்கும்போது ஸ்கேன் செய்த நல்ல பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்குச் சரித்திரமும் இஸ்னாதும் ஒருங்கே விளங்கும்.

எவ்வளவு தேடியும் மூலம் கிடைக்காத படங்களும் இருக்கும். அவற்றை மங்கலாகவே காட்டுவோம். சிறிய அளவில், நடுவில், கறுப்புப் பின்னணியில் வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. கீழே 'இதைவிடத் தெளிவான பிரதி கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதுவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த பல கேள்விகளுக்கு 'எனக்குத் தெரியாது' என்று விடையளித்ததை அவரது அறிவின் குறையாக எவரும் கொள்ளவில்லை. அந்த ஒரு வரியைச் சபையில் வாசிக்கும் ஒருவர், தன் வீட்டு அலுமாரியில் அப்படம் இருப்பதாக எழுந்து சொல்லவும் கூடும். பொய்யாகத் தெளிவாக்கப்பட்ட படத்தைப் பார்த்து அவ்வாறு எவரும் எழுந்திருக்கப் போவதில்லை.